கடை மாடியில் சோலார்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

செங்கோட்டையில் மூன்று மாடி ஜவுளிக்கடை நடத்துகிறோம். இரண்டு மாதத்துக்குச் சுமார் 6,000 யூனிட் ஓடுகிறது. 25 கிலோவாட் போட்டால் பில்லே வராது, நாலு வருஷத்தில் முதல் திரும்பிவிடும் என்று கம்பெனிக்காரர் சொல்கிறார். நம்பலாமா?

25 கிலோவாட் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்பது உங்கள் பில்லிலேயே தெரிகிறது. 6,000 யூனிட்டை 60 நாளுக்கு வகுத்தால் தினம் 100. ஒரு கிலோவாட் தினம் 4 யூனிட் தரும், ஆகவே 25. வீட்டுக்கு இந்தக் கணக்கு ஒத்துவரலாம், கடைக்கு ஒத்துவராது. இரவு பத்து மணி வரை விளக்கும் ஏசியும் ஓடும் கடையில் பாதிக்குப் பாதி கரண்ட் வெயில் போன பிறகுதான் செலவாகிறது. பகலில் மிஞ்சுவது மின்வாரிய லைனில் ஏறும். தமிழ்நாட்டில் வணிக இணைப்புக்கு அப்படி ஏறும் யூனிட்டை, நீங்கள் இரவில் வாங்கும் யூனிட்டோடு ஒன்றுக்கு ஒன்று கழிப்பதில்லை. தனி விலை போட்டுப் பணமாகக் கழிக்கிறார்கள். நீங்கள் வாங்கும் விலையில் பாதிகூட அது வராது.

ஆகவே முதலில் பகல் செலவைப் பாருங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து காலை 8 மணிக்கும் மாலை 5 மணிக்கும் மீட்டரைப் படித்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமையையும் விடாதீர்கள். அந்த ஒன்பது மணி நேரத்தில் 55 யூனிட் போகிறது என்று வைப்போம். தினம் 48 யூனிட் தரும் 12 கிலோவாட் அதற்குள் அடங்கும். அடுத்து, நல்ல வெயில் நாளில் மதியம் 12 மணிக்கு எலக்ட்ரீஷியனிடம் கிளாம்ப் மீட்டர் கொடுத்து மூன்று ஃபேஸிலும் ஆம்பியர் பார்க்கச் சொல்லுங்கள். 12 கிலோவாட் பேனல் உச்சி வெயிலில் சுமார் 9.5 கிலோவாட் தரும், அதாவது ஃபேஸுக்கு 14 ஆம்பியர் வாக்கில். உங்கள் கடை அந்த நேரத்தில் அவ்வளவு இழுக்கிறது என்றால் 12 கிலோவாட் சரி. இழுக்கவில்லை என்றால் இன்னும் குறையுங்கள்.

இனி பணக் கணக்கு. சமவெளியில் ஒரு கிலோவாட்டுக்கு வருஷம் 1,400 யூனிட் எதிர்பார்க்கலாம். செங்கோட்டையில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரலும் மேகமும் இருக்கும். மேற்கே மலை நிற்பதால் மாலை வெயிலும் சீக்கிரம் போய்விடும். அதனால் 1,300 என்று வைத்துக்கொள்வது பத்திரம். 12 கிலோவாட்டுக்கு வருஷம் 15,600 யூனிட். அதில் 14,000 கடையிலேயே செலவாகி, யூனிட் 9 ரூபாய் என்றால் 1,26,000 மிச்சம். லைனில் ஏறும் 1,600-க்கு 3 ரூபாய் வீதம் 4,800. இதிலிருந்து, மின்வாரிய லைனோடு சோலாரை இணைத்திருப்பதற்காக வாங்கும் நெட்வொர்க் கட்டணத்தைக் கழிக்க வேண்டும். நீங்களே பயன்படுத்தினாலும், பேனல் உற்பத்தி செய்யும் மொத்த யூனிட்டுக்கும் சேர்த்துத்தான் அதைப் போடுவார்கள். கொட்டேஷனில் பெரும்பாலும் இந்த வரி இருக்காது. ஒன்றரை ரூபாய் என்று வைத்தால் 23,400 போய்விடும். கழுவுவது, பராமரிப்பு எல்லாம் போக வருஷம் ஒரு லட்சம் நிற்கும். கிலோவாட்டுக்கு 55,000 வீதம் செலவு 6,60,000. முதல் திரும்ப ஆறரை வருஷம். விலை, கட்டணம் இரண்டுக்கும் உங்கள் பில்லிலும் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் இப்போதைய ஆணையிலும் உள்ள தொகையைப் போட்டு இதே வழியில் மறுபடி கணக்கிடுங்கள். ஒன்று நிச்சயம்: பில் பூஜ்யமாகாது. சாங்ஷன் லோடுக்கான (உங்கள் இணைப்புக்கு அனுமதித்த கிலோவாட்டுக்கான) நிலைக்கட்டணம் அப்படியே வரும்.

பேனல் 25 வருஷம் ஓடும் பொருள், ஆறரை வருஷம் மோசமில்லை. வருமான வரி கட்டுபவர் என்றால் சோலாருக்கு 40 சதவீதம் தேய்மானம் உண்டு. மார்ச் மாதம் அவசரமாகப் போட்டால் அந்த வருஷம் அதில் பாதிதான் கிடைக்கும், முழுசாகக் கிடைக்க அந்த நிதியாண்டில் 180 நாளாவது ஓடியிருக்க வேண்டும். பொருளும் வேலையும் சேர்ந்த ஒப்பந்தத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி, தொகையில் நூற்றுக்கு 70 பங்குக்கு 5 சதவீதம், 30 பங்குக்கு 18 சதவீதம். கூட்டினால் மொத்தத்தில் 8.9 சதவீதம். இதற்கு மேல் போட்டிருந்தால் விளக்கம் கேளுங்கள்.

பொள்ளாச்சி – பாலக்காடு ரோட்டில் எங்கள் கல்யாண மண்டபம் இருக்கிறது. மொட்டை மாடி மட்டும் 6,000 சதுர அடி, நிழலே இல்லை. 50 கிலோவாட் போடலாமா?

வேண்டாம். இடம் இருப்பது ஒரு காரணம் ஆகாது. ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் பூட்டிக் கிடக்கும். முகூர்த்த நாளிலும் பெரிய லோடு வருவது முந்தின நாள் மாலை ரிசப்ஷனுக்கும் விடியற்காலைக்கும்தான். வருஷத்தில் முக்கால்வாசி யூனிட் மலிவு விலைக்கு லைனில் ஏறிவிடும். ஆபீஸ், வாட்ச்மேன் அறை, தண்ணீர் மோட்டார் ஆகியவற்றுக்கு மட்டும் 3 அல்லது 5 கிலோவாட் போதும். அதே ரோட்டில் ஐஸ் கம்பெனியோ, பால் குளிரூட்டும் நிலையமோ, பகல் ஷிப்ட் ஓடும் நார் மில்லோ வைத்திருக்கிறவர் கேட்டிருந்தால் பதில் தலைகீழாக இருந்திருக்கும்.

பொள்ளாச்சி என்பதால் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவத்தில் காற்று மாதக்கணக்கில் விடாமல் அடிக்கும். கோவைக்கு இந்திய தர நிர்ணயம் ஐஎஸ் 875 சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 93 கிலோ அழுத்தம். 550 வாட் பேனல் ஒன்று 2.6 சதுர மீட்டர். ஆக ஒரு பேனலை 240 கிலோ அளவுக்குத் தூக்கப் பார்க்கும். பேனலின் எடையோ 30 கிலோ. ஒரு அடி நீள, அகல, உயரமுள்ள காங்கிரீட் கட்டை 68 கிலோதான் இருக்கும். பேனலுக்கு இரண்டு கட்டை வைத்துவிட்டு ‘போதும் சார்’ என்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

போல்ட் அடிப்பதிலும் ஒரு கோளாறு நடக்கிறது. நம் ஊர் மொட்டை மாடியில் மேலே தட்டோடு, அதன் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், அதற்கும் கீழேதான் காங்கிரீட். மூன்று நாலு அங்குல போல்ட் அந்த ஜல்லியோடு நின்றுவிடும். அன்றைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும். இரண்டு பருவக் காற்றில் ஆட்டம் கண்டு, அந்த ஓட்டை வழியே மழைத்தண்ணீரும் இறங்கும். கால் நிற்கும் இடத்தில் மட்டும் தட்டோட்டையும் ஜல்லியையும் வெட்டி எடுத்து, காங்கிரீட்டில் கெமிக்கல் ஆங்கர் (துளையில் பசை விட்டுப் பிடிக்கவைக்கும் போல்ட்) வைத்து, மேலே பீடம் கட்டி நீர்க்கசிவுப் பூச்சு பூச வேண்டும். இதைக் கொட்டேஷனில் தனி வரியாக எழுதி வாங்குங்கள்.

களியக்காவிளையில் கட்டடம் எங்களுடையது. கீழே ஆறு கடைகள் வாடகைக்கு, மேலே நாங்கள் குடியிருக்கிறோம். மானியம் கிடைக்குமா? கடைகளுக்கும் சேர்த்துக் கொடுக்கலாமா?

2024-ல் வந்த பிஎம் சூர்ய கர் மானியம் வீட்டு இணைப்புக்கு மட்டும்தான், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். உங்கள் வீட்டு மீட்டரில் தாராளமாகப் போடுங்கள். அதிலிருந்து கடைக்கு ஒயர் இழுக்கக் கூடாது. வீட்டு இணைப்பைக் கடைக்குப் பயன்படுத்துவது விதிமீறல், அபராதம் வரும்.

ஆறு கடைக்கும் தனித்தனி மீட்டர், பில் கட்டுவது வாடகைதாரர்கள். முதல் போடுவது நீங்கள், மிச்சம் அவர்களுக்கு, ஆகவே கடைகளுக்குப் போடுவதில் உங்களுக்கு லாபமில்லை. உங்கள் பெயரில் உள்ள பொது சர்வீஸில் மோட்டாரும் படிக்கட்டு விளக்கும் மட்டும் இருந்தால் அங்கேயும் சோலாருக்கு வேலையில்லை.

இன்னொன்று, கடல் பக்கம். பேனலைத் தாங்கும் ஸ்ட்ரக்சர் ஹாட் டிப் கால்வனைஸ் செய்ததாக (உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்ததாக) இருக்கட்டும், நட்டு போல்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். வெல்டிங் அடித்துச் சில்வர் பெயின்ட் பூசிய ஆங்கிள் வேண்டாம், வெல்டிங் அடித்த இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும்.

கொழிஞ்சாம்பாறையில் சூப்பர் மார்க்கெட். பொள்ளாச்சி கம்பெனியிடம் கொட்டேஷன் வாங்கினோம். கணக்கு சரியாக இருக்குமா?

வெயில் கணக்கு சரியாக இருக்கும், பணக் கணக்கு இருக்காது. கொழிஞ்சாம்பாறை கேரளம், நீங்கள் கேஎஸ்இபி (கேரள மின்வாரியம்) வாடிக்கையாளர், பொருந்துவது கேரள மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. மேலே சொன்ன நெட்வொர்க் கட்டணம், மிஞ்சும் யூனிட்டுக்கான கணக்கு எல்லாம் தமிழ்நாட்டுக்கு உரியவை. உங்கள் செக்‌ஷன் ஆபீஸில் இணைப்பு வகையைச் சொல்லி இப்போதைய விதியை எழுத்தில் வாங்கி, கம்பெனியைத் திருப்பிக் கணக்கிடச் சொல்லுங்கள். நேரவாரிக் கட்டணத்தில் இருந்தால் மாலை 6 முதல் 10 வரை பீக் விலை. பேனல் அந்த நேரத்துக்கு உதவாது. ஆனால் உங்களிடம் ஃப்ரீசர்கள் பகல் முழுக்க ஓடுகின்றன, அது சோலாருக்கு நல்ல லோடு.

கரண்ட் போனால் சோலார் ஓடுமா? ஜெனரேட்டர் இருக்கிறது. (கம்பம் வாசகர்)

லைனோடு சேர்ந்து ஓடும் சாதா சோலார் இன்வெர்ட்டர், கரண்ட் போனதும் நின்றுவிடும். மின்கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். ஜெனரேட்டர் ஓடும்போது சோலாரை அதோடு சேர்க்கலாம், ஆனால் நடுவில் சோலார் உற்பத்தியை லோடுக்கு ஏற்பக் குறைக்கும் கன்ட்ரோலர் கட்டாயம். அது இல்லாமல் ஏசி நின்று லோடு திடீரென்று குறைந்தால், மிஞ்சும் சக்தி ஜெனரேட்டருக்குள்ளேயே திரும்பும். டிரிப் ஆனால் தப்பித்தீர்கள், ஆகாவிட்டால் ஆல்டர்னேட்டர் செலவு. ஜெனரேட்டர் தன் திறனில் 30 சதவீதத்துக்குக் கீழே போகாதபடி கன்ட்ரோலரைச் செட் பண்ணச் சொல்லுங்கள்.

தண்ணீர் டேங்க் நிழல் கொஞ்சம்தான் விழுகிறது. பரவாயில்லையா? (புளியரை வாசகர்)

எந்த மாதம் பார்த்தீர்கள்? டிசம்பரில் காலை 9 மணிக்கு 6 அடி டேங்க் ஒன்பது, பத்து அடி நிழல் போடும். ஜூனில் நம் பக்கம் சூரியன் உச்சியைத் தாண்டி வடக்கே போகும், அப்போது வடக்கே உள்ள டேங்கின் நிழல் தெற்கே விழும். ஒரு பேனலின் ஓரத்தில் விழும் நிழலும் அந்த வரிசையின் உற்பத்தியைக் குறைக்கும். டேங்கை நகர்த்துவது பேனலை நகர்த்துவதைவிட மலிவு. புளியரை என்பதால் இன்னொன்றும்: குரங்கு. ஒயர் முழுவதையும் இரும்புக் குழாயில் விடுங்கள், பேனலுக்கு அடியில் தொங்கும் கனெக்டர்களையும் ஃப்ரேமோடு சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் டை வெயிலில் ஒரு வருஷத்தில் இற்றுவிடும், ஸ்டீல் டை போடட்டும்.