நெட் தோற்கடித்ததா, கடிகாரமா?

கேள்வி: வண்டிப்பெரியாறு பக்கம் எஸ்டேட் லயத்தில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் லிச்செஸ் என்ற செஸ் தளத்தில் அரீனா போட்டி (குறித்த நேரம் முடியும்வரை ஆட்டம் மேல் ஆட்டமாக ஆடுவது) ஆடுகிறேன், மூன்று நிமிட ஆட்டம். ரேட்டிங் 1450 வாக்கில். போன வாரம் ஜெயிக்க வேண்டிய நாலு ஆட்டத்தை நேரம் தீர்ந்து தோற்றேன். கடைசி ஆட்டத்தில் என்னிடம் யானையும் மூன்று சிப்பாயும். எதிராளியிடம் ஒரே ஒரு சிப்பாய். 9 செகண்ட் மிச்சம் இருக்கும்போது நெட் நின்றுவிட்டது. இன்னொருவர் என்ஜின் (செஸ் ஆடும் கம்ப்யூட்டர் புரோகிராம்) வைத்து ஆடினார் என்று சந்தேகம், துல்லியம் 94 சதவீதம் காட்டியது. மலையில் இருப்பவன் ஆன்லைன் போட்டியே ஆடக் கூடாதா?
– வாசகர், இடுக்கி மாவட்டம்

பதில்: யானை என்று நீங்கள் சொல்வது மூலையில் நிற்கும் காயைத்தான் என்று எடுத்துக்கொள்கிறோம். உங்கள் ஊர் மலையாளத்தில் அது தேர். 'ஆன' என்றால் பிஷப். பக்கத்து லயத்துக்காரரோடு பேசும்போது இந்தக் குழப்பம் வந்திருக்கும்.

கடிதத்தோடு அனுப்பிய நாலு ஆட்டங்களில் மூன்றில் நெட்டின் மேல் குற்றமே இல்லை. ஆட்டம் முடிந்தபின் அலசல் பக்கத்தில் ஒவ்வொரு நகர்வுக்கும் எத்தனை நொடி ஆனது என்று வரைபடம் இருக்கும், திறந்து பாருங்கள். இரண்டாவது ஆட்டத்தில் 8ஆவது நகர்வில் பிஷப்பை எங்கே வைப்பது என்று 22 நொடி. 11ஆவதில் எந்தப் பக்கம் கோட்டை கட்டுவது என்று 31 நொடி. 15ஆவது நகர்வுக்கு வரும்போது கையில் 1 நிமிடம் 10 நொடிதான். மூன்று நிமிடத்தை 40 நகர்வுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு நாலரை நொடி. 15ஆவது நகர்வில் இரண்டு நிமிடமாவது மிச்சம் இல்லை என்றால், கையில் ராணி கூடுதலாக இருந்தாலும் அந்த ஆட்டம் ஆபத்தில்தான் இருக்கிறது. தொடக்கத்துக்கு வெள்ளையில் ஒன்று, கறுப்பில் இரண்டு என்று முடிவு செய்து, முதல் பத்து நகர்வைக் கை தானாக ஆடும்வரை பழகுங்கள். யோசிக்கிற நேரம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கடைசி ஆட்டத்தில் நெட் போனது உண்மை. ஆனால் அதற்கு ஐந்து நகர்வு முன்னாலேயே உங்கள் யானை அந்த ஒற்றைச் சிப்பாய்க்கு நேராக நின்றது. உங்கள் சிப்பாயை ராணியாக்கும் அவசரத்தில் அதை விட்டுவிட்டீர்கள். எதிராளியிடம் ராஜா மட்டும் இருந்தால் உங்கள் நேரம் தீர்ந்தாலும் அது டிரா; தோல்வி கிடையாது. ஒரு சிப்பாய் இருந்தால்கூட அது பின்னால் ராணியாகலாம் என்பதால் வெற்றி அவருக்குப் போகிறது. வெட்டியிருந்தால் நெட் செத்தாலும் டிராவுக்கான ஒரு புள்ளி உங்களுக்கு. 15 நொடிக்குக் கீழே வந்துவிட்டால் முதல் வேலை எதிராளியின் கடைசிக் காயைத் துடைப்பது, இரண்டாவதுதான் மேட். யானையைக் கொடுத்து அந்தச் சிப்பாயை எடுத்தாலும் நஷ்டமில்லை.

அதன்பிறகு ராணி ஒன்று வாங்கி, ராணியும் யானையுமாக வரிசை வரிசையாக ராஜாவை ஓரத்துக்குத் தள்ளுங்கள். இரண்டு காயையும் அவருடைய ராஜாவிலிருந்து தள்ளியே வையுங்கள். ஸ்டேல்மேட்டில் (செக் இல்லாமலே அவருக்கு நகர இடமில்லாமல் போய் டிரா ஆவது) சிக்காமல் இருக்க அதுதான் வழி. சிப்பாய் தானாகவே ராணியாகும்படி அமைப்பில் மாற்றிவிடுங்கள், எந்தக் காய் என்று கேட்கும் பெட்டியில் ஒரு நொடி மிச்சமாகும். தனி யானையை வைத்து மேட் செய்ய, சரியாக ஆடினால் அதிகபட்சம் 16 நகர்வு. ராணி என்றால் 10. பலகையில் காய்களை நீங்களே அமைத்து, அரை நிமிடம் வைத்துக் கம்ப்யூட்டரோடு தினமும் ஐந்து தடவை ஆடிப் பாருங்கள். முதல் வாரம் எரிச்சல் வரும்.

இனி நெட். அது பெரிய ஆட்டக்காரர்களையும் விடவில்லை. 2020 ஆன்லைன் ஒலிம்பியாட் இறுதியில் திருச்சூர் நிஹால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் இணைப்பு அறுந்து நேரத்தில் தோற்றார்கள். கடைசியில் இந்தியா, ரஷ்யா இரண்டுக்கும் தங்கம் என்று உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே அறிவித்தது. ஞாயிற்றுக்கிழமை அரீனாவில் அப்படி யாரும் கூப்பிட்டுக் கொடுக்கமாட்டார்கள்.

லிச்செஸ் சர்வர் பிரான்ஸில் இருக்கிறது. நகர்வு போய்ச் சேரும் தாமதத்தை அது ஓரளவு ஈடுகட்டிவிடும். ஆனால் இணைப்பே அறுந்தால் உங்கள் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். உங்கள் பெயரைத் தொட்டால் பிங் எண் (சர்வருக்குத் தகவல் போய்த் திரும்பும் நேரம்) தெரியும். 200 மில்லிநொடி நிலையாக நின்றால் பயமில்லை. 100, 600, 150 என்று குதித்தால் அன்று ஆடாதீர்கள்.

தகரக் கூரை சிக்னலைத் தடுக்கும், அதனால் உள்ளறையை விட்டு வாசல் பக்கம் உட்காருங்கள். டவருக்கு டவர் தாவி 2ஜிக்கு இறங்காமல் இருக்க, போனில் 4ஜி மட்டும் என்று வைக்கலாம். வைஃபை பலவீனமானால் தானாக மொபைல் டேட்டாவுக்கு மாறும் வசதியை அணைத்துவிடுங்கள். மாறும் அந்தச் சில நொடியில்தான் ஆட்டம் அறுகிறது. நீங்கள் கவனிக்காத ஒன்று, இரண்டாவது சிம். பல போன்களில் அதற்கு அழைப்பு வந்து எடுத்தால் முதல் சிம்மின் டேட்டா நின்றுவிடும். போட்டி முடியும்வரை அதை அணைத்து வையுங்கள். ஃபைபர் இணைப்பு என்றால் ரௌட்டருக்குச் சின்ன யுபிஎஸ் போதும், அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் பிளக்கும் ஒத்துப்போக வேண்டும். இடவப்பாதி மழையில் (தென்மேற்குப் பருவமழை) கேபிள்காரர் வீட்டுக் கரண்டும் போனால் அதற்கும் மருந்தில்லை. அப்போது அரீனாவில் 'பாஸ்' (Pause, இடைநிறுத்தம்) பட்டனை அழுத்திவிடுங்கள். எடுத்த புள்ளி போகாது, நெட் வந்ததும் திரும்பச் சேரலாம். அழுத்தாமல் விட்டால் ஜோடி போட்டுவிடும், முதல் நகர்வு வராவிட்டால் தோல்வி.

என்ஜின் சந்தேகம்: அந்த ஆட்டத்தில் நீங்கள் 9ஆவது நகர்விலேயே குதிரையைச் சும்மா கொடுத்திருக்கிறீர்கள். அதற்கப்புறம் என்ஜின் இல்லாமலே 94 வரலாம். கண்ணை மூடிக்கொண்டு வெட்ட வேண்டிய காய்க்கும் கஷ்டமான நகர்வுக்கும் ஒரே அளவு நேரம் எடுத்திருந்தால் மட்டும் புகார் பட்டனை அழுத்துங்கள். சாட்டில் சண்டை வேண்டாம்.

அடுத்த ஞாயிறு 3+0 (வெறும் மூன்று நிமிடம்) வேண்டாம், 3+2 தேடுங்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் இரண்டு நொடி சேர்வதால் 40 நகர்வில் 80 நொடி கூடுதல். பெர்செர்க் பட்டனைத் தொடாதீர்கள். பாதி நேரத்தையும் அந்த இரண்டு நொடியையும் விட்டுக்கொடுத்து ஒரே ஒரு புள்ளிக்கு ஆசைப்படுவது அது. தொடர்ந்து இரண்டு வெற்றிக்குப் பிறகு மூன்றாவது வெற்றிக்கு 4 புள்ளி என்பதால், அந்த நேரத்தில் நெட் தடுமாறினால் முதலில் பாஸ், பிறகு சிக்னல் பார்ப்பது. போட்டி முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது புது ஆட்டம் ஆரம்பித்தால் அது பெரும்பாலும் கணக்கில் சேராது. மணி அடிக்கும்போது நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்துக்குப் புள்ளி இல்லை.