1/35 சினூக்: கேட்டவர்களுக்குப் பதில்

சினூக் என்பது முன்னும் பின்னும் ரோட்டர் (சுழலும் இறக்கைத் தொகுதி) உள்ள பெரிய ராணுவ ஹெலிகாப்டர். அதை 35-இல் ஒரு பங்கு அளவில் ஒட்டிச் செய்யும் டிரம்பெட்டரின் 1/35 சிஎச்-47டி பிளாஸ்டிக் மாடல் கிட் பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன்.

செந்தில்: பெட்டி வந்துவிட்டது சார். முதலில் எதைப் பார்க்கணும்?

பசையை ஓரமாக வைத்துவிட்டு ஸ்கேலை எடுங்கள். நிஜ சினூக்கின் ரோட்டர் விட்டம் 60 அடி. 35-ஆல் வகுத்தால் 52 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். அப்படியானால் நடுமையத்திலிருந்து பிளேடு நுனி வரை 26 செ.மீ. வர வேண்டும். முன் ரோட்டர் மையத்துக்கும் பின் ரோட்டர் மையத்துக்கும் இடையே ஏறத்தாழ 39 அடி, மாடலில் 34 செ.மீ. உடலின் இரு பாதிகளையும் டேப்பால் சேர்த்து நிறுத்தி அளந்தால் விஷயம் தெரிந்துவிடும்.

ஓரிரண்டு மில்லிமீட்டர் குறைந்தால் போகட்டும். கண்ணை உறுத்துவது மூக்கின் வளைவும், பின் ரோட்டரைத் தாங்கும் பின்தூணின் சாய்வும்தான். அவற்றைப் படத்தோடு ஒப்பிடும்போது, தூரத்திலிருந்து நேர் பக்கவாட்டில் எடுத்த படமாகப் பாருங்கள். கிட்டே நின்று எடுத்த படத்தில் எந்த ஹெலிகாப்டருக்கும் மூக்கு வீங்கித்தான் தெரியும். அதை நம்பிக் கிட்டைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

ரம்யா: இதையே இந்திய விமானப்படை சினூக்காகச் செய்யலாமா அண்ணா?

பெயின்ட்டும் டெக்காலும் (ஒட்டும் சின்னங்கள், எண்கள்) மாற்றினால் போதும் என்று நினைத்தால், வேண்டாம்மா. 2019 மார்ச்சில் சண்டிகரில் நம் விமானப்படையில் சேர்ந்தவை எஃப் வகை; இந்தக் கிட் டி வகை. டி-யின் உடல் தகடுகளை ரிவெட் அடித்துக் கட்டியது. எஃப்-இல் சட்டங்களைப் பெரிய துண்டுகளாகக் கடைந்தெடுத்துச் செய்தார்கள், அதனால் வெளித்தோலின் கோடுகளே வேறு. காக்பிட்டில் வட்ட டயல்கள் போய்த் திரைகள் வந்துவிட்டன. தோலைத் தேய்த்து மறுபடி கோடு கீறத் தயார் என்றால் இறங்கலாம். இல்லையென்றால் ஆப்கானிஸ்தானில் பறந்த அமெரிக்க ராணுவ டி ஒன்றைச் செய்யுங்கள், படங்கள் கொட்டிக் கிடக்கின்றன. அதிலும் 'ஏதோ ஒரு சினூக்' வேண்டாம். வால் எண் தெரிகிற ஒரே ஒரு இயந்திரத்தை எடுத்துக்கொண்டு அதையே கடைசி வரை பின்பற்றுங்கள். எஞ்சின் முன்னால் வலைக்கூடையா, தூசு பிரிக்கும் பெரிய பீப்பாயா என்பது போன்ற கேள்விகளுக்கெல்லாம் அந்தப் படமே பதில் சொல்லிவிடும்.

இக்பால்: உள்ளே எவ்வளவு வேலை செய்வது? ரெசின் செட் (தனியாக விற்கும் வார்ப்புப் பாகங்கள்) வாங்கலாமா?

முதலில் பின்கதவைத் திறந்து வைப்பீர்களா என்று முடிவு செய்யுங்கள். மூடி வைத்தால் வட்ட ஜன்னல் வழியே உள்ளே இருட்டுதான் தெரியும், காசு வீண். திறந்து வைத்தால் 26 செ.மீ. நீள அறை முழுக்கக் கண்ணில் படும். அங்கே அதிகம் ஏமாற்றுவது சுவர். நிஜத்தில் அது மெத்தை போலத் தைத்த ஒலித்தடுப்புத் துணி. பிளாஸ்டிக்கில் வெறும் தகடாக நிற்கும்.

இதற்கு ரெசின் வேண்டாம், டிஷ்யூ பேப்பர் போதும். ஒரு அடுக்கை மட்டும் பிரித்து, சட்டங்களுக்கு நடுவே பொருந்துகிற அளவுக்கு வெட்டுங்கள். தண்ணீர் கலந்த ஃபெவிகாலைத் தூரிகையால் தொட்டு ஒட்டுங்கள். பாதி காய்ந்ததும் மழுங்கிய ஊசியால் குறுக்கும் நெடுக்குமாகத் தையல்கோடு போட வேண்டும். ஈரமாக இருக்கும்போது கோடு போட்டால் கிழியும், முழுக்கக் காய்ந்தால் பதியாது. மறுநாள் பெயின்ட். ஒன்றிரண்டு இடத்தில் துணி கழன்று தொங்குகிற மாதிரி விட்டால் இன்னும் நல்லது. சிவப்பு வலை இருக்கைகளை எல்லாம் விரித்து வைக்காமல் சிலவற்றை மடித்து வையுங்கள்.

அப்புறம், தரையை மறந்துவிடாதீர்கள். டி-க்கு அடியில் சுமை தூக்க மூன்று கொக்கிகள், நடுக்கொக்கிக்குத் தரையில் ஒரு திறப்பு உண்டு.

ஜோசப்: ரிவெட் எல்லாம் குழியாக இருக்கே, நிரப்பணுமா?

எல்லாவற்றையுமா? ஆயுசு போய்விடும். முதல் பெயின்ட் அடித்துப் பாருங்கள், பாதி தானே மங்கிவிடும். வெளிச்சம் நேராக விழுகிற மூக்கிலும் காக்பிட் பக்கத்திலும் மட்டும் கை வைத்தால் போதும்.

செல்வி: ரோட்டர் ஏதோ தப்பாகத் தெரிகிறது. என்னவென்று பிடிபடவில்லை.

இரண்டு காரணம் இருக்கலாம். மேலிருந்து பார்த்தால் முன் ரோட்டர் இடஞ்சுழி, பின்னது வலஞ்சுழி. அதனால் முன் பிளேடும் பின் பிளேடும் கண்ணாடிப் பிம்பம் போல எதிரெதிர். பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் பிரேமிலிருந்து வெட்டும்போதே பென்சிலால் குறி போடாவிட்டால் கலந்துவிடும். இரண்டின் வட்டங்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வருகின்றன, மோதாமல் இருக்கத் தண்டு ஒன்று அவற்றைப் பூட்டி வைத்திருக்கிறது. எனவே முன் பிளேடு ஒன்று நேராக வாலைப் பார்த்தால், அதற்கு எதிரே பின் ரோட்டரின் இரு பிளேடுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி வர வேண்டும்.

இன்னொன்று தொய்வு. நிற்கும் சினூக்கின் பிளேடு தன் எடையால் வளைந்து தொங்கும். சுடுநீரில் (கொதிநீர் வேண்டாம்) முக்கி, கட்டைவிரலால் மெல்ல வழித்து வளையுங்கள். மடித்தது போல ஒரே இடத்தில் வளைக்காதீர்கள். ஆறும் சேர்ந்தாற்போல் வர, அட்டையில் வளைவை வரைந்து ஒவ்வொன்றையும் அதன்மேல் வைத்துப் பாருங்கள்.

அரவிந்த்: தூசு, அழுக்கு?

பாலைவனத்தில் மணல் முதலில் தின்பது பிளேடின் முன்விளிம்பை. அங்கே கறுப்புப் பெயின்ட் போய் உலோகம் பளிச்சென்று தெரியட்டும். எஞ்சின் புகைக்கரி பின்தூணில் இருக்கட்டும். உடல் பச்சையைக் கொஞ்சம் வெளுப்பாகவே கலக்குங்கள். மழைக்காலத்தில் மேட் வார்னிஷ் அடித்தால் வெள்ளை பூத்துவிடும், வெயில் வரும்வரை பொறுங்கள்.

செந்தில் (மறுபடி): வைக்க இடம்?

பிளேடு விரித்தால் முழு நீளம் 86 செ.மீ. அலமாரிக்குள் போகாது. ஹப்பில் (பிளேடுகள் சேரும் மையம்) பித்தளைக் குழாய் பொருத்திக் கழற்றுகிற மாதிரி செய்துகொள்ளுங்கள். உடல் மட்டும் என்றால் அரை மீட்டரில் அடங்கிவிடும்.