எல்லை எங்கே போனது?

கேள்வி: பிரிட்டன் 2020-லேயே ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிவிட்டது. அயர்லாந்து எல்லையில் மட்டும் ஏன் சுங்கச் சோதனைச் சாவடி இல்லை? – வாசகர், கும்பகோணம்

பதில்: போடவே கூடாது என்பதுதான் என் கட்சி. வடக்கே பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்து, தெற்கே ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ள அயர்லாந்து குடியரசு; நடுவே சுமார் 500 கி.மீ. எல்லை, 200-க்கும் மேற்பட்ட சாலைகள் குறுக்கே போகின்றன. வடக்கே கறக்கும் பாலில் கணிசமான பங்கு டேங்கரில் தெற்கே போய்த்தான் பதப்படுகிறது. நியூரியிலிருந்து டண்டாக் போகிறவருக்கு, வேகப் பலகை மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாறும்போதுதான் எல்லை தாண்டியதே தெரியும். வட அயர்லாந்து பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்று சுமார் 3,500 உயிர்களைக் குடித்த மோதலுக்குப் பிறகு, அதை முடித்துவைத்த 1998 புனித வெள்ளி உடன்படிக்கை தந்த நிம்மதி இது. சாவடி முளைத்தால் தாக்கப்படும் என்று அங்குள்ள காவல்துறையே எச்சரித்தது.

சரி, சோதனை எங்கே? துறைமுகத்தில். எல்லை திறந்திருப்பதால், வடக்கே இறங்கும் சரக்கு அப்படியே தெற்கே ஒன்றியத்துக்குள் போய்விடலாம்; அதனால் ஸ்காட்லாந்திலிருந்து கப்பலில் வட அயர்லாந்தின் லார்ன் துறைமுகத்துக்கு வந்து இறங்கும் லாரிகளைப் பார்க்கிறார்கள். “சொந்த நாட்டுக்குள்ளேயே கோடு போடுகிறீர்களே” என்று கொதித்த, பிரிட்டனோடு இணைந்தே இருக்க வேண்டும் என்னும் டியுபி கட்சி, 2022 பிப்ரவரி முதல் இரண்டு வருடம் பெல்ஃபாஸ்டில் உள்ள வட அயர்லாந்து அரசையே முடக்கியது. அந்த மனக்குறை நியாயமானதுதான். அதற்காக ஆட்சியை முடக்கியதை ஏற்க முடியவில்லை. பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் செய்துகொண்ட 2023 வின்ட்சர் உடன்பாட்டில் உள்ளூர்க் கடைச் சரக்குக்குப் பச்சைத் தடம், தெற்கே போகக்கூடியதற்குச் சிவப்புத் தடம் என்று பிரித்தார்கள். 2024 டிசம்பரில் வட அயர்லாந்து சட்டமன்றம் இந்த ஏற்பாட்டை மேலும் 4 ஆண்டுகளுக்கு நீட்டித்தது.