அறுபதாம் கல்யாணத்துக்கு வீட்டிலேயே அதிரசம் சுடலாமா?

கேள்வி: வரும் தை மாதம் மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம். நெருங்கிய சொந்தம் நாற்பது பேரை மட்டும் அழைத்து வீட்டிலேயே நடத்துகிறோம். மாமாவுக்கு அதிரசம் என்றால் உயிர். மாமியாருக்கு முட்டிவலி, அடுப்படியில் நிற்க முடிவதில்லை. அதிரசம், மைசூர் பாகு, ரவா லட்டு, பாயசம் நான்கையும் நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் போன தீபாவளிக்கு நான் சுட்ட அதிரசம் எண்ணெயில் பிரிந்து கரைந்துபோனது. எல்லாவற்றையும் கடையில் சொல்லிவிடலாம் என்கிறார் நாத்தனார். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் நான்கு வேண்டாம். அதிரசமும் பாயசமும் போதும். மைசூர் பாகு நிமிடத்தில் பதம் மாறிவிடும். ஆட்கள் வந்து போகிற வாரத்தில் அதன் பக்கமே போகாதீர்கள். ரவா லட்டு சுலபம்தான், ஆனால் இலையில் அதிரசம் இருக்கும்போது அதை யார் தேடப்போகிறார்கள்? மாமாவுக்குப் பிடித்தது எதுவோ அதில் உங்கள் முழுக் கவனத்தையும் வையுங்கள். கல்யாண நாளன்று அடுப்படியிலேயே கிடக்காமல் நீங்களும் மணையருகே நிற்க வேண்டும், அது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அதிரசம் எண்ணெயில் பிரிந்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: பாகை இளம் பதத்தில் இறக்கியிருப்பீர்கள். பாகில் தண்ணீர் மிச்சமிருந்தால் மாவை அது பிடித்து வைக்காது. கொதிக்கும் பாகில் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விடுங்கள். கரைந்தால் இன்னும் கொதிக்கட்டும். விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டு வர வேண்டும். தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் கேட்கக் கூடாது. அந்தச் சத்தம் கேட்டால் பாகு முற்றிவிட்டது, அதிரசம் கல்லாகும். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற நேரம் குறைவு, அதனால் தண்ணீர்க் கிண்ணத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு அடிக்கடி பாருங்கள். இந்த வேலைக்கு உங்கள் மாமியாரைக் கூப்பிடுங்கள். நாற்காலி போட்டு உட்காரவைத்து, கிண்ணத்தை அவர் கையில் கொடுங்கள். நிற்க முடியாவிட்டால் என்ன, பதம் அவர் விரலுக்குத் தெரியும். புத்தகத்தில் படிப்பதைவிட அவரிடம் ஒரு தடவை கேட்டுத் தொட்டுப் பார்ப்பது உங்களுக்கு ஆயுசுக்கும் நிற்கும்.

அடுத்தது மாவு. கடையில் பாக்கெட்டில் வருகிற அரிசி மாவு இதற்கு ஆகாது, அது காய்ந்த மாவு. 1 கிலோ மாவுப் பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, வேட்டியில் பரப்பி நிழலில் ஆறவிடுங்கள். கையில் ஈரம் ஒட்டக் கூடாது, ஆனால் அரிசிக்குள் ஈரம் இருக்க வேண்டும். அந்தப் பக்குவத்தில் அரைத்துச் சலித்தால், கையில் பிடிக்கும்போது மாவு பிடிபடும். சலித்ததை உடனே மூடிவைத்து, காய்வதற்குள் பாகில் போட்டுவிடுங்கள்.

வெல்லம் முக்கால் கிலோ. கடையில் ‘பாகு வெல்லம்’ என்று கேட்டு வாங்குங்கள், கருத்த நிறமாகத்தான் இருக்கும். வெளிர் மஞ்சளாகப் பளிச்சென்று இருக்கிற வெல்லத்தில் நிறத்துக்காக ரசாயனம் சேர்த்திருக்க வாய்ப்பு அதிகம், பாகும் சரியாக வராது. கரைத்து, மண் போக வடிகட்டி, அப்புறம் காய்ச்சுங்கள். பதம் வந்ததும் அடுப்பை அணைத்து, ஏலக்காயும் சுக்கும் போட்டு, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். முழு மாவையும் கொட்டியாக வேண்டும் என்று இல்லை. இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக வந்தால் நிறுத்திவிடுங்கள், ஆறினால் தானாக இறுகும். மிஞ்சிய மாவை வையுங்கள், தேவைப்படும். மேலே நெய் தடவி, துணி கட்டி மூடி, 2 நாள் விட்டுவிடுங்கள்.

சுடுவதற்கு முன்னால் ஒன்றே ஒன்றைத் தட்டிப் போட்டுப் பாருங்கள். பிரிந்தால் எடுத்துவைத்த மாவில் ஒரு பிடி சேர்த்துப் பிசையுங்கள். விறைப்பாக இருந்தால் வெதுவெதுப்பான பால் ஒரு ஸ்பூன் தெளித்துப் பிசையுங்கள். இதற்கு இடம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான், கல்யாணத்துக்கு 4 நாள் முன்பே மாவு கிளறி, 2 நாள் முன்பு சுடச் சொல்கிறேன். எண்ணெய் மிதமாகக் காயட்டும், ஒவ்வொன்றாகப் போடுங்கள். வெல்லம் சீக்கிரம் கருகும் என்பதால் அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் வெளியே கருத்து உள்ளே வேகாமல் நிற்கும். எடுத்ததும் இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து எண்ணெயை அழுத்திப் பிழியுங்கள். நன்றாக ஆறிய பிறகுதான் டப்பாவில் போட வேண்டும்.

சின்னதாகவே தட்டுங்கள், 1 கிலோ அரிசிக்கு ஐம்பது வரை வரும். வருகிறவர்களில் பாதிப் பேர் பெரியவர்களாக இருப்பார்கள், சர்க்கரை நோய் உள்ளவர்களும் இருப்பார்கள். ‘வெல்லம்தானே, ஒன்றும் செய்யாது’ என்று சொல்லி யாரையும் வற்புறுத்தவிடாதீர்கள். வெல்லத்திலும் பெரும்பகுதி அதே கரும்புச் சர்க்கரைதான், ரத்தத்தில் அதுவும் ஏறும்.

பாயசத்துக்குப் பாசிப்பருப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது பேருக்கு அரைக் கிலோ பருப்பு, முக்கால் கிலோ வெல்லம், 4 தேங்காய். நைவேத்தியம் ஆகும்வரை ருசி பார்க்க முடியாதே, அதனால் எல்லாவற்றையும் முதல் நாளே எடைபோட்டு எடுத்துவையுங்கள். பருப்பை வாசம் வர வறுத்து, நன்றாகக் குழைந்த பிறகுதான் வெல்லம் சேர்க்க வேண்டும். முன்னாலேயே போட்டால் பருப்பு வேகாமல் நின்றுவிடும். இரண்டாம் பாலில் கொதிக்கவிட்டு, இறக்கிய பிறகு முதல் பாலை ஊற்றுங்கள். அதை ஊற்றிவிட்டுக் கொதிக்கவைத்தால் திரிந்துபோகும். பாயசம் நேரம் ஆக ஆகக் கெட்டியாகும் என்பதால் கொஞ்சம் தளர்வாகவே இறக்குங்கள். தேங்காய்ப்பால் சேர்ந்தது, சாயங்காலம் வரை வெளியில் வைக்காதீர்கள்.

நாத்தனார் சொன்னதையும் தள்ளிவிட வேண்டாம். மிக்சரும் முறுக்கும் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம், அந்தப் பொறுப்பை அவரிடமே விடுங்கள். தைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கால் கிலோ அரிசியில் ஒரு முறை சுட்டுப் பாருங்கள். மாமாவுக்குத் தெரியாமல் செய்வது கஷ்டம், வாசனை காட்டிக்கொடுத்துவிடும். பரவாயில்லை, முதல் அதிரசத்தை அவருக்கே கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.