ஒரு குண்டு மட்டும் விலகி ஓடினால்

வணக்கம். உங்கள் ஷெரிஃப் அலுவலகத்து 12 கேஜ் ஷாட்கன்னில், ஒரே தோட்டாவில் 9 ஈயக் குண்டுகள் இருக்கும் 00 பக்‌ஷாட்டைச் சுட்டால் 15 கஜத்தில் ஒரு குண்டு மட்டும் இலக்கை விட்டு விலகுகிறது, ஒரே பெரிய குண்டு உள்ள ஸ்லக் தோட்டாவுக்கு மாறிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

அவசரப்பட வேண்டாம். 9 குண்டுத் தோட்டாவில் இது பலரும் பார்த்த விஷயம்தான். ஆனால் விலகும் அந்த ஒரு குண்டும் எங்கேயோ போய் யார் மேலாவது படலாம், அதனால் நீங்கள் கவலைப்படுவது நியாயமே. முதலில் ஃபெடரல் நிறுவனத்தின் 8 குண்டு ஃப்ளைட்கன்ட்ரோல் தோட்டாவைச் சுட்டுப் பாருங்கள். குண்டுகளைப் பொதிந்திருக்கும் அதன் பிளாஸ்டிக் உறை (வாட்) பின்பக்கமாகத் திறந்து, குண்டுகளை இன்னும் கொஞ்ச தூரம் சேர்த்தே கொண்டுபோகும். ஒரே மாடல் துப்பாக்கிகள்கூட ஒரே மாதிரி சுடாது. அதனால் பணிக்கு எடுத்துப்போகும் அதே துப்பாக்கியில் 5, 10, 15, 25 கஜத்தில் காகிதத்தில் சுட்டு, பரவலை அளந்து குறித்துவையுங்கள்.

ஸ்லக் தூரத்துக்கு நல்லது. ஆனால் ஒரு அவுன்ஸ் ஈயம் ஆளைத் துளைத்து, பின்னால் இருக்கும் சுவரையும் தாண்டும். வீடுகள் நெருங்கிய தெருவில் அதை முதல் தோட்டாவாக வைக்க எனக்கு மனம் வராது.

அப்புறம், ஆளைக் கொல்லாமல் நிறுத்துவதற்கான பீன்பேக் தோட்டாவுக்குத் தனித் துப்பாக்கி கட்டாயம் வேண்டும். அதையும் உயிரைப் பறிக்கும் தோட்டாக்களையும் ஒரே துப்பாக்கியில் கலக்கவே கூடாது.