லெக்ரானிடம் கற்க வேண்டியது விரல் வேகம் இல்லை

கேள்வி: கீபோர்டு ஓரளவு வாசிப்பேன், ஜாஸ் பிடிக்கும், குறும்படங்களுக்கு இசையமைக்க ஆசை. பிரெஞ்சு இசையமைப்பாளர் மிஷேல் லெக்ரானை எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்? அவர் மாதிரி வேகமாக வாசிக்கப் பழகினால் போதுமா?

போதாது. அவர் அபாரமான பியானோக்காரர்தான், ஆனால் முதலில் நீங்கள் கேட்க வேண்டிய ஆல்பத்தில் அவர் பியானோவைத் தொடவே இல்லை! 1958-ல், 26 வயதில், நியூயார்க் போய்ப் பதிவுசெய்த ‘லெக்ராண்ட் ஜாஸ்’ அது. மைல்ஸ் டேவிஸ், ஜான் கோல்ட்ரேன், பில் எவன்ஸ் எல்லாரும் வாசிக்க, இவர் எந்த வாத்தியம் எதை வாசிப்பது என்று பிரித்து எழுதிக் கொடுத்து நடத்தியதோடு சரி. அதில் ‘ஜாங்கோ’வை மூன்று தடவை கேளுங்கள். மூன்றாவது தடவை டிரம்பெட்டை விட்டுவிட்டு ஹார்ப் (யாழ் மாதிரியான நரம்பு வாத்தியம்) எங்கே வருகிறது, எங்கே ஒதுங்குகிறது என்று மட்டும் தாளில் குறியுங்கள். பாரிஸ் கன்சர்வேட்டரியில் நாடியா பூலான்ஜே என்ற பேர்பெற்ற இசை ஆசிரியையிடம் படித்த பையன், ஜாஸுக்குள் அந்தப் படிப்பை எப்படிக் கொண்டுவந்தான் என்பது அங்கேதான் புரியும்.

அப்புறம் கீபோர்டுக்கு வாருங்கள். 1968-ல் ‘தாமஸ் கிரவுன் அஃபேர்’ படத்துக்கு எழுதி ஆஸ்கர் வாங்கிய ‘தி விண்ட்மில்ஸ் ஆஃப் யுவர் மைண்ட்’ பாட்டை ஈ மைனரில் வைத்து வாசியுங்கள். நடுவில் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) ஏ மைனர், டி, ஜி, சி என்று ஒவ்வொன்றும் அடுத்ததன் மேல் சாய்ந்துகொண்டே போய், எஃப் ஷார்ப், பி வழியாக ஈ மைனருக்கே திரும்பிவிடும். மேலே மெட்டும் ஒரு சின்னத் துண்டையே சுற்றிச் சுற்றி வருகிறது. பாட்டு வரிகள் சுழல்வதைப் பற்றியவை, கீழே கார்டுகளும் சுழல்கின்றன. மெதுவாக, இடது கையில் அடி ஸ்வரம் மட்டும் வைத்து வாசித்தாலே இது காதில் விழும், வேகம் தேவையே இல்லை.

குறும்படத்துக்கு உங்களுக்கு நேரடியாக உதவக்கூடியதும் அதே படம்தான். முழுதாக எடிட் ஆகாத காட்சிகளைப் பார்த்துவிட்டு லெக்ரான் நீளமாக இசை எழுதிக் கொடுத்தார், அதற்கேற்பப் படத்தை வெட்டினார்கள். உங்கள் இயக்குநர் நண்பரிடம் ஒரே ஒரு காட்சிக்காவது இப்படிச் செய்யலாமா என்று கேட்டுப் பாருங்கள், ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு சத்தம் போடும் பழக்கம் அதிலேயே விட்டுப்போகும்.

அவர் இசையமைத்த ‘செர்பூர்க் குடைகள்’ படத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக் கடைப் பேச்சு உட்பட மொத்த வசனமும் பாட்டு. எடுத்தவுடன் பார்த்தால் கதையோடு போய்விடுவீர்கள், வாத்தியங்கள் காதில் விழாது.