வேண்டாம், தங்கச்சி, கையளித்துவிடுங்கள்

கேள்வி: ஐயா, பாடசாலை விடுமுறையில் தம்புள்ளைக்குப் போய் இப்பன்கட்டுவ ஈமக்கல்லறைகளைப் பார்த்தோம். வீடு வந்த பிறகு மகனின் காற்சட்டைப் பையில் ஒரு பானை ஓடு! வேலிக்கு வெளியே கிடந்ததாம். உட்புறம் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு. வகுப்பில் காட்ட ஆசைப்படுகிறான். வைத்திருக்கலாமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: வேண்டாம், தங்கச்சி. பிள்ளையை ஏசவும் வேண்டாம். குனிந்து பார்த்த அந்தக் கண் நல்ல கண்.

நீங்கள் சொல்லும் நிறத்தைப் பார்த்தால் அது கறுப்புச் சிவப்பு மட்பாண்டமாக இருக்கலாம். பானையைக் கவிழ்த்துச் சுட்டால் காற்றுப் படாத உட்புறம் கறுக்கும், வெளிப்புறம் சிவக்கும். புத்தளம் பக்கத்துப் பொம்பரிப்பிலும் தமிழ்நாட்டின் ஆதிச்சநல்லூரிலும் இறந்தவர்களைப் புதைத்த தாழிகளோடு கிடைப்பது இந்த வகைதான். இப்பன்கட்டுவவில் நான்கு பலகைக் கற்களை நிறுத்தி, மூடுகல் வைத்து, உள்ளே எரித்த எலும்பையும் சாம்பலையும் மணிகளையும் இட்டிருக்கிறார்கள். 2,400 ஆண்டுகளுக்கும் முந்தியவை. யாரோ ஒரு தாய்க்கோ தகப்பனுக்கோ செய்த கடைசிக் கடமை அது. நான் அங்கு போனபோது அப்படியான கல்லறை ஒன்றின், அதாவது கற்பதுக்கையின், ஓரத்தில் வெகுநேரம் குந்தியிருந்தேன். பலகைக் கற்கள் அவ்வளவு ஒட்டிப் பொருந்தியிருந்தன, எழும்ப மனம் வரவில்லை.

அந்தப் பானை ஓட்டைவிட அது கிடந்த இடம்தான் பெரிது. 1980இல் யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் கிடைத்த முத்திரையைப் பாருங்கள். புதைகுழியில், இறந்தவரோடு கிடைத்ததால்தான் அதிலுள்ள ‘கோவேத’ என்ற பண்டைய பிராமி எழுத்துகளைப் பற்றி இன்றும் பேசுகிறோம். அதையே யாராவது சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தால்? புதையல் என்று கல்லறைகளைத் தோண்டுகிறவர்கள் இப்படித்தான் ஓர் ஊரின் கதையையே அழித்துவிடுகிறார்கள். அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

சட்டமும் இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, கண்டெடுத்தவர் அறிவிக்கவேண்டும். ஓட்டைக் கழுவாதீர்கள், உள்ளே ஒட்டியிருக்கும் மண்ணும் ஆய்வுக்கு உதவும். தாளில் சுற்றி, எந்தப் பக்க வேலி, எவ்வளவு தூரம், என்ன திகதி என்று மகனையே அவன் கையெழுத்தில் எழுதச் சொல்லுங்கள். கொழும்பு 7இல் தொல்பொருளியல் திணைக்களத்தில் அவனே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். தேசிய நூதனசாலையும் பக்கத்தில்தான். அப்படியே அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வாருங்கள். வகுப்பில் சொல்ல அவனுக்கு நிறையக் கிடைக்கும்.